இழுப்பதா, சுமப்பதா: கிழங்கு லோடுக்கு ஏற்ற வண்டி

சேலத்திலிருந்து கிழக்கே வரும் சாலை அயோத்தியாப்பட்டணத்தில் இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் வாழப்பாடி, ஆத்தூர், உளுந்தூர்பேட்டை. வடக்கே திரும்பினால் குப்பனூர், மஞ்சவாடி கணவாய், அதைத் தாண்டி அரூர். தை, மாசியில் இந்த இரண்டு சாலைகளிலும் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர முடியாது. 1943 வாக்கில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில், 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம், 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு என்று பெருமை நிறைய உண்டு. அந்தப் பெருமை முழுக்க யாரோ ஒருவர் வயலிலிருந்து ஆலைக்கு இழுத்துக்கொண்டு போகும் லோடின் மேல் நிற்கிறது. அதை எந்த வண்டி இழுக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

டீக்கடையில் கேட்டால் பதில் ஒரே எண்ணில் வரும். 45 எச்.பி. போதும் என்பார் ஒருவர். 55 இல்லாமல் மேடு ஏறாது என்பார் இன்னொருவர். விளம்பரத்திலும் அந்த எண்தான் பெரிதாக இருக்கிறது. லோடு இழுப்பதைப் பொறுத்தவரை அது மூன்றாவது, நான்காவது இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது வண்டி எப்படி நிற்கிறது என்பது. அடுத்தது பின் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்காருகிறது என்பது.

அதற்கும் முன்னால் சரக்கைப் பார்க்கலாம். மரவள்ளிக்கிழங்கு காத்திருக்காத பொருள். பிடுங்கிய இரண்டு நாளில் உள்ளே நீலக் கோடு விழுந்து கெடத் தொடங்கிவிடும், மாவும் குறையும். ஆலையில் எடைமேடையில் ஏற்றி எடை போட்ட பிறகு மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்துதான் விலை வைக்கிறார்கள். காலையில் பிடுங்கியது மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் எடையும் நிற்கும், பாயிண்டும் நிற்கும். ஏக்கருக்கு 10 முதல் 15 டன் விளையும் பயிர் இது. ஆக, அவசரமான, கனமான, விலை குறைந்த சரக்கு. டன்னுக்கு வாடகை ஏறினால் விவசாயி கையில் நிற்பது ஒன்றுமில்லை.

இந்த மூன்று குணங்களுக்கும் ஒருகாலத்தில் டயர் வண்டியும் இரண்டு காளைகளும் ஈடுகொடுத்தன. இன்று களத்தில் இருப்பவை மூன்று: டிராக்டரும் டிரெய்லரும், பிக்கப், லாரி.

பிக்கப் என்றதும் அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் படங்கள் நினைவுக்கு வரலாம். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 போன்ற வண்டிகள் குதிரை டிரெய்லரையும் வைக்கோல் டிரெய்லரையும் கட்டி இழுத்துப் போகின்றன. அவற்றில் சில 15 டன்னுக்கு மேல் இழுக்கத் தகுதி பெற்றவை. அந்த எண்ணுக்குப் பின்னால் சில நிபந்தனைகள் உண்டு. டிரெய்லரின் கழுத்து வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டாது. பின் அச்சுக்கு நேர் மேலே, சுமைத் தொட்டிக்குள் பதித்த பந்தில் வந்து உட்காரும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கும். அதை இயக்கும் கருவி ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,360 கிலோவுக்கு மேல் கனமுள்ள டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமல் சாலைக்கே வர முடியாது. நம் ஊரில் ஆறு டன் டிரெய்லர் பிரேக் என்ற பேச்சே இல்லாமல் மஞ்சவாடி இறக்கத்தில் இறங்குகிறது.

நம் ஊர்ப் பிக்கப் வேறு சாதி. பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் எல்லாம் முதுகில் சுமக்கப் பிறந்தவை. 2022-இல் வந்த யோதா 2.0-வும் 2023-இல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் பெரிய மாடலும் இரண்டு டன் வரை ஏற்றும் என்று கம்பெனியே சொல்கிறது. இவற்றின் பின்னால் கொக்கி வைத்து டிரெய்லர் மாட்டுவது நடைமுறையிலேயே கிடையாது. கிளட்ச், பின் பிரேக், சேஸின் வால்பகுதி எதுவும் அதற்காகக் கணக்குப் போட்டுச் செய்ததில்லை. யாராவது பட்டறையில் வெல்டிங் வைத்து மாட்டிக்கொண்டால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த வெல்டிங்கைத்தான்.

அப்படியானால் பிக்கப் பயனற்றதா? தூரத்தைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். என்னுடைய தோராயக் கணக்கு இது. நாலரை டன் ஏற்றிய டிராக்டர் தார்ச்சாலையில் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு டன்னை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நகர்த்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 1.7 டன் ஏற்றி லிட்டருக்குப் பதினொன்று கொடுக்கும் பிக்கப்புக்கு அதே கணக்கு 19 வரும். பத்து டன் லாரிக்கு 45 வரும். டீசலில் டிராக்டர் பிக்கப்பை வெல்கிறது, லாரியிடம் தோற்கிறது. நேரத்தில் டிராக்டர் இரண்டிடமும் தோற்கிறது. லாரியால் வயலுக்குள் இறங்க முடியாது என்பதால்தான் டிராக்டர் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. வயலிலிருந்து ஆலை பதினைந்து கிலோமீட்டருக்குள் என்றால் டிராக்டர். அதற்கு மேல் போனால், வயலிலிருந்து சாலை ஓரம் வரை டிராக்டரில் கொண்டுவந்து அங்கிருந்து லாரிக்கு மாற்றுவது லாபம், ஏற்று கூலி இரண்டு முறை போனாலும். பிக்கப்புக்கு ஏற்றவை பாக்கும் காய்கறியும். வாழப்பாடி, பேளூர் பக்கம் பாக்கு மூட்டையை அதில்தான் ஏற்றிப் போக வேண்டும். கிழங்கை ஏற்றினால் ஒரு டிராக்டர் லோடுக்கே மூன்று நடை.

இனி டிராக்டர். எட்டு டன் கூட்டு எடையை எடுத்துக்கொள்வோம்: டிராக்டர் இரண்டு, வெற்று டிரெய்லர் ஒன்றரை, கிழங்கு நாலரை. 20 அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் இதை இழுக்க, சக்கர உருளலுக்கு 160 கிலோவும் ஏற்றத்துக்கு 400 கிலோவுமாக 560 கிலோ இழுவிசை வேண்டும். 45 எச்.பி. என்ஜினில் கியர்பெட்டியும் மற்றவையும் தின்றது போகச் சக்கரத்துக்கு 37 வந்தால் மணிக்கு 18 கிலோமீட்டரில் ஏறும். 55 எச்.பி. வாங்கிச் சக்கரத்தில் 45 கிடைத்தால் 22 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் மேட்டில் நீங்கள் சம்பாதிப்பது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை எடைமேடை வரிசையில் நின்று தொலைத்துவிடுவீர்கள்.

50 எச்.பி. என்ற கோட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. காமன் ரெயில் பம்ப், சென்சார் எல்லாம் சேர்ந்ததில் விலை ஏறியது. கிராமத்து மெக்கானிக் ஸ்பேனரை வைத்துச் சரிசெய்யும் காலமும் அந்த வண்டிகளுக்கு முடிந்தது. மகிந்திரா 575, சுவராஜ் 744, மாசி 241 போன்ற 42 முதல் 48 எச்.பி. வண்டிகள் இந்தப் பகுதியில் இன்னும் அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜான் டியர் 5310 வாங்குகிறவர்கள் ரோட்டவேட்டர் ஓட்டத்தான் வாங்க வேண்டும். அதற்கு அந்தக் குதிரைத்திறன் தேவை, லோடுக்கு இல்லை.

மேடு ஏறுவதைவிட வயலிலிருந்து வெளியே வருவதுதான் பெரும்பாடு. ஐப்பசி மழையில் பிடுங்க நேர்ந்தால் தெரியும். ஈர மண்ணில் என்ஜினுக்குச் சக்தி இருந்தும் சக்கரம் வழுக்கிக் குழி பறிக்கும். அங்கே கணக்கே வேறு: பின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த எடையில் நாற்பது சதவீதம் அளவுக்குத்தான் மண் பிடி கொடுக்கும். இரண்டு டன் டிராக்டரில் பின் அச்சில் ஏறத்தாழ 1,300 கிலோ இருக்கும். நாலு சக்கர டிரெய்லர் தன் எடையைத் தானே தாங்கிக்கொள்ளும். டிராக்டர் மேல் ஒன்றும் வைக்காது. ஆகவே கிடைக்கும் இழுவை 520 கிலோ. சேற்றில் ஆறு டன் டிரெய்லருக்குத் தேவையோ 900. மாட்டிக்கொண்டது. இரண்டு சக்கர டிப்பர் என்றால் தன் எடையில் பத்தில் ஒரு பங்கைக் கொக்கியின் மேல் வைக்கும். 600 கிலோ. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோல் போல முன் அச்சிலிருந்து இன்னும் 200 கிலோவுக்கு மேல் பின்னால் தள்ளும். பின் சக்கரத்தில் 2,100 கிலோவைத் தாண்டிவிடும். இழுவை 850 கிலோ. தேவை 810. தட்டுத் தடுமாறி வெளியே வந்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் 4x4 டிராக்டரில் மொத்த எடையும் வேலை செய்வதால் 1,040 கிலோ கிடைக்கும், நிதானமாக வந்துவிடும். அதே 45 எச்.பி.தான்.

கையில் காசு இருந்து எதில் போடுவது என்று யோசிப்பவருக்கு என் பதில்: பத்து எச்.பி. கூடுதலாக வாங்குவதைவிட அதே எச்.பி.யில் 4x4 வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் ஏற்றலாம்; அதற்கு ஆகும் செலவு ஒரு மெக்கானிக்கின் அரை நாள் கூலி. அதுகூட வேண்டாம் என்றால், வயலில் பாதி லோடு ஏற்றி வரப்போரம் கொண்டுவந்து தட்டி, சாலையில் நிரப்பிக்கொள்ளலாம். பெரியவர்கள் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

சேற்றில் மாட்டினால் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. சங்கிலியைக் கொக்கியில் மாட்டாமல் மேலே டாப் லிங்கிலோ அச்சு உறையிலோ சுற்றி இழுப்பது. பின் சக்கரம் அசையாமல் நிற்க, என்ஜின் டிராக்டரின் மூக்கைத் தூக்கிவிடும். ஒன்றரை நொடிக்குள் வண்டி மல்லாந்துவிடும்; ஓட்டுநர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும். இங்கே ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. வெயிலுக்குக் கூரை போட்டிருப்பார்கள்; அது மனிதனைத் தாங்காது.

நிற்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பிரேக் புதிதாக இருந்து சாலையும் காய்ந்திருந்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் டிராக்டர் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது மீட்டரில் நிற்கும். பிரேக் இல்லாத ஆறு டன் டிப்பர் பின்னால் இருந்தால் சமதரையில் 22 மீட்டர். அந்த இருபதுக்கு ஒன்று இறக்கத்தில் 32 மீட்டர். ஓட்டுநர் உணர்ந்து காலை வைக்க ஒரு நொடி ஆனாலும் அதற்குள் எட்டு மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடிப்பவை பின் சக்கரங்கள் இரண்டு மட்டும். எட்டு டன்னையும் நிறுத்த வேண்டியவை அவைதாம். வளைவில் பிடித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கே மடித்துவிடும்.

இந்த இடத்தில் டிராக்டரின் வலதுபுறப் பெடல்களைக் குனிந்து பார்க்க வேண்டும். பிரேக் பெடல் இரண்டு இருக்கும். இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. உழும்போது வரப்பு ஓரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்துச் சட்டென்று திருப்புவதற்காக. இரண்டையும் சேர்த்துப் பூட்ட நடுவில் விரல் அளவு கொண்டி ஒன்று மடங்கிக் கிடக்கும். சாலைக்கு வந்ததும் அதைத் தள்ளிப் பூட்டிவிட வேண்டும். உழவு முடித்த கையோடு டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களில் எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள்? பழைய வண்டிகளில் அந்தக் கொண்டியே துருப்பிடித்து அசையாமல் இருக்கும், அல்லது இருக்காது. பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் என்ஜின் புகையை அரை மணி நேரம் ஆராய்கிறார்கள். அந்தக் கொண்டியை அரை நிமிடம் பார்ப்பதில்லை. லோடு வேலைக்கு வாங்குவதென்றால் ஆயில் பிரேக் உள்ள வண்டிதான் வாங்க வேண்டும். உலர் டிஸ்க் பிரேக்கில் சேறும் தண்ணீரும் போனால் பிடி மாறும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய.

டிரெய்லர் மாட்டும் பின்னும் கவனிக்க வேண்டியதுதான். தடித்த இரும்புப் பின், அதன் அடியில் விழாமல் காக்க ஒரு கிளிப். கிளிப் தொலைந்த மறுநாளே கட்டுக்கம்பி அந்த இடத்துக்கு வந்துவிடும். கட்டுக்கம்பி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். பின் நழுவினாலும் டிரெய்லர் தனியே ஓடாமல் இருக்க ஒரு பாதுகாப்புச் சங்கிலி போடலாம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி, டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பாலபாடம். கேஸ் டேங்கர் டிரெய்லரில் காற்றுக் குழாய் அறுந்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதே வட்டாரப் பட்டறைகளில் செய்யும் விவசாய டிரெய்லரில் அந்த அறிவு இறங்கவே இல்லை. வாங்குபவர் கேட்பதில்லை, பட்டறைக்காரர் செய்வதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகன விதிகளின்படி விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் ஆகாது. விளைபொருளை டிரெய்லரில் கொண்டுபோவதும் அதன் வேலைதான். டிராக்டர் லைசென்ஸ் உள்ளவர் டிரெய்லர் மாட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் நாகஷெட்டி வழக்கில் சொல்லிவிட்டது. பிக்கப், சிறிய லாரி ஓட்டுகிறவர்களுக்கு 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நிம்மதி கொடுத்தது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகு ரக லைசென்ஸிலேயே ஓட்டலாம். சிக்கல் வருவது செங்கலும் மண்ணும் அடிக்கும்போது. விவசாயத்துக்கென்று பதிவு செய்த வண்டியில் வாடகைக்குச் செங்கல் ஏற்றி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கிளப்பும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து வரும் ஆட்களுக்குச் சாதாரண பாலிசியில் இடமில்லை. அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ஏறும்.

சேலம், உளுந்தூர்பேட்டை சாலையைத் தெரிந்தவர்களுக்கு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலுவழிச் சாலை என்று பெயர். ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிகளை இருவழியாக விட்டதில் எத்தனையோ உயிர்கள் போயின. அதில் 20 கிலோமீட்டர் வேகத்தில், பின்விளக்கு இல்லாமல், மண் அப்பிய டிரெய்லர். பின்னால் வருபவர் 80-இல் வருவார். சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஒட்டிய பிறகு வாரம் ஒருமுறை துடைக்கவும் வேண்டும்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகவும், சரக்கு வாகனங்களுக்கு 28-லிருந்து 18 ஆகவும் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் உதிரிபாகத்துக்கும் 5 சதவீதம். இதைக் கேட்டு ஷோரூமுக்குக் கிளம்புகிறவர் ஒரு கணக்குப் போட்டுவிட்டுப் போகலாம். ஐந்து ஏக்கர் கிழங்கு என்றால் ஏக்கருக்கு 12 டன் வைத்து 60 டன்; நாலரை டன் வீதம் வருடத்துக்குப் பதிமூன்று, பதினான்கு நடை. பதினான்கு நடைக்காக டிராக்டர் வாங்குவது தவணைக்காரருக்கு மட்டுமே லாபம். அந்த ஐந்து ஏக்கர்காரர் வாடகை வண்டி பேசுவதே சரி. சொந்த உழவு, பக்கத்துக் காட்டு உழவு, ரோட்டவேட்டர் என்று வருடம் முழுக்க வேலை இருக்கிறவர் வாங்கட்டும். அவர் உழவுக்கு ஏற்ற டிராக்டரைத் தேர்ந்தெடுத்தால் போதும். 42 முதல் 48 எச்.பி.க்குள், ஆயில் பிரேக்கோடு, முடிந்தால் 4x4 ஆக. லோடுக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டியது டிரெய்லரில்: இரண்டு சக்கர டிப்பர், நல்ல ஆக்சில், பின்விளக்கு, ஆக்சிலில் பிரேக். பிரேக்கைப் பட்டறையில் ஆர்டர் கொடுக்கும் அன்றே கேட்டுவிட வேண்டும். சீசன் தொடங்கிய பிறகு ஆக்சிலைக் கழற்றிப் பிரேக் வைப்பதற்காக டிரெய்லரைப் பட்டறையில் விட்டவர் எவரும் இல்லை.